மாத்திரை, சூடை மீன், புளியங்கொட்டை, துவா: மண்டபம் பக்கத்து எட்டு வயசுப் பையன் ஒருத்தனோட முழுக் கேஸ்

ஏடிஹெச்டி (கவனக்குறைவும் அளவுக்கு மீறின துறுதுறுப்பும் உள்ள மூளை வளர்ச்சிக் கோளாறு) பத்தி தமிழ்ல தேடுனா ரெண்டு விஷயம்தான் திரும்பத் திரும்பக் கண்ணுல படுது. ஒண்ணு "மாத்திரை குடுத்தா புள்ள மந்தமாயிரும்"னு பயமுறுத்துறது, இன்னொண்ணு "இந்த மூலிகையை ஒரு மண்டலம் குடுங்க, சரியாயிரும்"னு விக்கிறது. நடுவுல ஒரு குடும்பம் நிஜத்துல என்ன பண்ணுது, எது உதவுது, எது உதவல, எதை எப்ப ஆரம்பிக்கணும்னு யாரும் பொறுமையா எழுதுறதில்ல. அதனால இந்த ஒரு கேஸை ஆரம்பத்துல இருந்து எழுதுறேன். பையன் யாருன்னு தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன், பேர் சொல்லல, வீட்டுல கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.

பையனுக்கு எட்டு வயசு, மூணாங்கிளாஸ், மண்டபம் பக்கத்துல ஒரு கடலோர கிராமத்து அரசு தொடக்கப் பள்ளி. அப்பா விசைப்படகுல கூலிக்குப் போறவரு, வாரத்துல மூணு நாள் போட்டு (படகு) போகும், போன அன்னைக்கு ராத்திரி வீட்டுல இருக்க மாட்டாரு, மறுநா காலைலதான் கரை. அம்மா அமாவாசை பௌர்ணமியை ஒட்டி தென்கடல் பக்கம் பாசி எடுக்கப் போவாங்க, விடியுறதுக்கு முன்னாடியே கெளம்பிருவாங்க. வீட்டுல அப்பத்தாவும் மூணு வயசு தங்கச்சியும். பக்கத்து வீடு சித்தப்பா, அவருக்கு சொந்தமா ஒரு வல்லம், நண்டு வலை விடுவாரு.

ஸ்கூல்ல இருந்து வந்த புகார் வழக்கமானதுதான், ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கிறான், பக்கத்துப் பையன் நோட்டைக் கிழிக்கிறான், கேள்வி முடியுறதுக்குள்ள பதில் சொல்றான், எழுதச் சொன்னா ரெண்டு வரிக்கு மேல போகாது, பென்சில் வாரத்துக்கு நாலு தொலையுது. வீட்டுல அம்மா சொன்னது வேற மாதிரி இருந்துச்சு: "கடைக்கு அனுப்புனா என்ன வாங்க வந்தோம்னு மறந்துட்டு பாதி வழில பூனை பின்னாடி போயிர்றான் மேடம், அடிச்சாலும் அழுவான், அஞ்சு நிமிசத்துல மறுபடி அதேதான், எனக்கே அவன அடிச்சு அடிச்சு கை ஓஞ்சு போச்சு." அப்பத்தா ஓரமா உக்காந்து வெத்தலை மடிச்சிட்டு இருந்தவங்க, "தாயி, இவுக அப்பனும் இந்த வயசுல இப்புடித்தான் கெடந்தான், ஸ்கூலுக்குப் போன நேரத்தவிட கடக்கரைல கெடந்த நேரம்தான் ஜாஸ்தி, இப்ப போட்டுல போயி சம்பாரிக்கலையா"ன்னாங்க. அந்த வார்த்தையை நான் அப்பவே நோட்ல எழுதி வச்சேன். இரட்டைக் குழந்தைங்களை வச்சு பண்ணின ஆய்வுகள்ல ஏடிஹெச்டிக்கு பரம்பரைப் பங்கு 70-80 சதவீதம்னு வருது, உயரத்துக்கு இருக்குற பரம்பரைப் பங்குக்கு கிட்டத்தட்ட பக்கத்துல நிக்கிற கணக்கு அது, அதனால "வளர்ப்பு சரியில்ல"ன்னு அந்த அம்மா தலைல ஊரே ஏத்தி வச்சிருந்த பாரத்தை முதல்ல எறக்கி வைக்க அப்பத்தாவோட அந்த ஒரு வார்த்தை போதுமா இருந்துச்சு.

அப்பா ஒரு கேள்வி கேட்டாரு, இந்தக் கரைல எல்லா அப்பாவும் கேக்குற கேள்விதான். "ஞாயித்துக்கெழமை எந் தம்பி வலையில நண்டு கழட்டுறப்ப இவன் ஒரு மணி நேரம் அசையாம உக்காந்திருக்கான், அப்ப மட்டும் கவனம் எங்கிருந்து வருது, படிக்கத்தான் திமிரு." இதுக்கு வாயில பதில் சொல்றதவிட பாத்துட்டு வந்தா நல்லதுன்னு தோணுச்சு, போய் பாத்தேன். மணல்ல தார்ப்பாய் விரிச்சு வலையைக் குமிச்சுப் போட்டிருக்கு, பையன் சம்மணம் போட்டு உக்காந்து, நண்டோட கடிகால் தன் பக்கம் திரும்பாத மாதிரி முதுகுப் பக்கமா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, வலைக் கண்ணியை ஒவ்வொரு காலா விடுவிச்சு எடுக்குறான், நூல் அறுந்தா சித்தப்பா திட்டுவாருன்னு தெரியும், கால் ஒடிஞ்சா நண்டுக்கு வெலை கொறையும்னும் தெரியும். பெரியவங்களுக்கே எரிச்சல் வர்ற வேலை அது. ஆனா அதுல ஒவ்வொரு அரை நிமிசத்துக்கும் ஒரு நண்டு கூடைல விழுது, தப்பு பண்ணா ஒடனே கடி விழுது, கையும் ஒடம்பும் சும்மா இருக்காது, பக்கத்துல மாமன் மச்சான் பேச்சு சத்தம். ஏடிஹெச்டி உள்ள மூளைக்கு கவனமே இல்லைங்கிறது தப்பான புரிதல், கவனத்தை வேணுங்கிற எடத்துக்குத் திருப்புறதும் நிறுத்துறதும்தான் கஷ்டம், பலன் ஒடனே கைல கெடைக்கிற வேலைல ஒட்டிக்கும், பலன் ரொம்ப தள்ளி இருக்குற வேலைல வழுக்கிட்டுப் போயிரும். மூணாங்கிளாஸ் தமிழ்ப் பாடத்துக்கு பலன் எப்ப கெடைக்கும், பரீட்சைல, அதுவும் மாசங்கழிச்சு. இதை அப்பாகிட்ட அந்தத் தார்ப்பாய் பக்கத்துலயே நின்னு சொன்னேன், அவரு ஒண்ணும் பேசல, ஆனா அதுக்கப்புறம் திமிருங்கிற வார்த்தை அவர் வாயில வரல.

இப்ப பரிசோதனை. சேட்டை பண்ற எல்லாப் புள்ளைக்கும் ஏடிஹெச்டி கெடையாது, இதை ரொம்ப அழுத்திச் சொல்றேன். டிஎஸ்எம்-5, அதாவது மனநல டாக்டருங்க நோயைக் கண்டுபிடிக்க வச்சிருக்குற அமெரிக்கக் கையேட்டுக் கணக்குப்படி அறிகுறிங்க 12 வயசுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், ஆறு மாசமாவது நீடிக்கணும், ஸ்கூல் மட்டும் வீடு மட்டும்னு இல்லாம ரெண்டு எடத்துலயாவது இருக்கணும், கவனக்குறைவுல 9க்கு 6, இல்லன்னா துறுதுறுப்புல 9க்கு 6 இருக்கணும், அதால புள்ளையோட படிப்போ பழக்கவழக்கமோ பாதிக்கணும். வாண்டர்பில்ட் ஃபார்ம், அதாவது இந்த அறிகுறிங்களை எண்ணிப் பாக்குற கேள்வித்தாள், டீச்சருக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டி எழுதினோம். டீச்சர் கணக்குல கவனக்குறைவு 8, துறுதுறுப்பு 7. அம்மா கணக்குல 7, 8. காது கேக்குதான்னு டெஸ்ட், கண் டெஸ்ட், ரெண்டும் சரி. திடீர்னு சில வினாடி வெறிச்சுப் பாத்து நின்னுர்றானா, கூப்ட்டா தெரியாம இருக்கானான்னு கேட்டோம், வலிப்புல ஒரு வகை அப்படி இருக்கும், அது இல்ல. வாயால மூச்சு விட்டு கொறட்டை விடுறானான்னு கேட்டோம், டான்சில் பெருசா இருந்து தூக்கம் கெட்டாலும் பகல்ல இதே மாதிரி ஆடுவாங்க, அதுவும் இல்ல.

ரத்தத்துல மட்டும் பெரிய விஷயம் சிக்குச்சு. ஹீமோகுளோபின் 9.6, ஃபெரிட்டின் 8. அஞ்சுல இருந்து பதினொரு வயசுப் புள்ளைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற எல்லை 11.5, ஃபெரிட்டின் 15க்குக் கீழ போனா இரும்புச்சத்து இருப்பே காலின்னு அர்த்தம். ரத்தசோகை நம்ம நாட்டுல அபூர்வமே இல்ல, என்எஃப்ஹெச்எஸ்-5ங்கிற தேசிய குடும்ப நல சர்வேல அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்கள்ல 67 சதவீதத்துக்கு ரத்தசோகை இருந்துச்சு. மூளைல டோபமைன்ங்கிற, கவனத்துக்கு உதவுற ரசாயனம் தயாராகுறதுக்கு இரும்பு வேணும், இரும்பு கொறைஞ்சா கவனமும் தூக்கமும் ரெண்டும் கெடும், ராத்திரி கால் சும்மா இருக்காம ஒதறிட்டே இருக்கும், இவனுக்கும் அது இருந்துச்சு, அம்மா அதை "தூக்கத்துலயும் ஓடுறான்"னு சொன்னாங்க. இங்க ஒரு எச்சரிக்கை, இரும்பு கொறைஞ்ச புள்ளைக்கு இரும்பு குடுத்தா உதவும், கொறையாத புள்ளைக்கு ஏடிஹெச்டிக்குன்னு டானிக் ஊத்தக் கூடாது, அளவு மீறுனா இரும்பு விஷம், டெஸ்ட் பாத்துட்டு டாக்டர் எடைக்குத் தகுந்த மாதிரி எழுதுறதுதான்.

அடுத்தது, எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி என்னென்ன செஞ்சிருக்காங்கங்கிற கேள்வி. இதைக் கேக்குற விதம் முக்கியம், அதட்டலாக் கேட்டா ஒண்ணுமே சொல்ல மாட்டாங்க. "புள்ளைக்காக என்னென்ன அலைஞ்சீக"ன்னு கேட்டா ஒவ்வொண்ணா வரும். ஏர்வாடி தர்கால ரெண்டு ராத்திரி தங்கியிருக்காங்க, கைல தாயத்து. பயந்திருக்கான்னு மந்திரிச்சிருக்காங்க. வல்லாரைத் துவையல். யாரோ சொன்னாங்கன்னு மீன் எண்ணெய் மாத்திரை ஒரு டப்பா. இதெல்லாம் போக, பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டில விக்க வந்த ஒருத்தர்கிட்ட வாங்கின கறுப்பு லேகியம், லேபிளே இல்ல, ரெண்டு மாசமா தெனம் நெல்லிக்காய் அளவு. சுவாரஸ்யம் என்னன்னா அம்மா வாங்கின மீன் எண்ணெய் அப்பாவுக்குத் தெரியாது, அப்பத்தா குடுத்த லேகியம் அம்மாவுக்கே பாதிதான் தெரியும், டீச்சருக்கு ஒண்ணுமே தெரியாது. ஒருங்கிணைந்த சிகிச்சைன்னு நாம பேசுறோம், ஆனா ஒவ்வொரு வீட்டுலயும் ஏற்கனவே நாலு சிகிச்சை ஒண்ணுக்கொண்ணு தெரியாம ஓடிட்டுதான் இருக்கு. அதனால நாங்க செஞ்ச முதல் வேலை ஒரு நூறு பக்க நோட்டு. புள்ளை வாய்க்குள்ள போற எல்லாமும், தூங்குற நேரமும், ஸ்கூல்ல டீச்சர் சொல்றதும் அதுல. அந்த நோட்டு பையன் ஸ்கூல் பையில போகும் வரும், யார் என்ன குடுத்தாலும் அதுல ஏறணும், ஒரு நேரத்துல ஒண்ணுதான் புதுசா ஆரம்பிக்கணும், ஏன்னா மூணு விஷயத்தை ஒரே வாரத்துல ஆரம்பிச்சா எதால நல்லாச்சு எதால வயித்தால போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

லேகியத்தை அன்னைக்கே நிறுத்தச் சொன்னோம். சித்த மருத்துவம் மேல எனக்கு மரியாதை உண்டு, படிச்ச சித்த மருத்துவர் எழுதிக் குடுக்குறது வேற, லேபிள் இல்லாத டப்பா வேற. 2004ல அமெரிக்காவுல பாஸ்டன் பக்கத்துக் கடைங்கள்ல வித்த 70 ஆயுர்வேதப் பொருளை எடுத்து சோதிச்சப்ப 14ல ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்துச்சு. ஈயம் புள்ளைங்க மூளைக்குள்ள போனா கவனக்குறைவை அதுவே உண்டாக்கும், அதாவது எதுக்கு மருந்துன்னு குடுக்குறோமோ அதையே வளத்து விட்டுரும். இவனுக்கு ரத்தத்துல ஈயம் பாத்தோம், அளவு பயப்படுற மாதிரி இல்ல. வல்லாரைத் துவையல் தாராளமா சாப்பிடட்டும்னுட்டோம், அது கீரை, ஆனா அது ஏடிஹெச்டிக்கு மருந்துன்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்லைன்னும் சொல்லிட்டோம்.

தர்கா விஷயத்துக்கு வர்றேன், ராமநாதபுரம் கரைல மனநலம் பேசுறவங்க அதைத் தொடாமப் போக முடியாது. 2001 ஆகஸ்ட் 6ந்தேதி விடியக்காலைல ஏர்வாடில ஒரு தனியார் காப்பகத்துல தீப்பிடிச்சு, சங்கிலில கட்டியிருந்த மனநோயாளிங்க ஓட முடியாம 28 பேர் செத்துப் போனாங்க. அதுக்கப்புறம் அந்தக் காப்பகங்களை மூடினாங்க, உச்ச நீதிமன்றம் தானாவே வழக்கெடுத்துச்சு, இப்ப 2017 மனநலச் சட்டம் யாரையும் எந்த விதத்துலயும் சங்கிலில கட்டக் கூடாதுன்னு தெளிவா சொல்லுது. அந்த ஊர்லயே பிற்பாடு குஜராத்துல உனாவா தர்காவுல நடந்த மாதிரி "தவா-துவா"ன்னு ஒரு ஏற்பாடு வந்துச்சு, மருந்தும் பிரார்த்தனையும் பக்கத்துப் பக்கத்துல, துவாவுக்கு வர்றவங்களை அங்கேயே டாக்டர் பாப்பாங்க. இந்தக் கரைக்கு இதவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியல. அப்பத்தா இந்து, ஆனா வியாழக்கிழமையான ஏர்வாடிக்குப் போயிட்டு வர்றவங்க, இங்க பாதிப் பேர் அப்படித்தான். அவங்ககிட்ட போகாதீங்கன்னு நான் ஒரு நாளும் சொல்லல. ஒரே ஒரு உடன்படிக்கைதான், துவா செய்யுங்க, தாயத்து கட்டுங்க, புள்ளையைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, ராத்திரி முழிக்க வைக்கக் கூடாது, மருந்தை நிறுத்தக் கூடாது. அப்பத்தா நோட்டுல எழுதச் சொன்னாங்க, எழுதினோம், கைநாட்டு வச்சாங்க.

முதல் மூணு மாசம் மருந்து இல்லாம போனோம். சின்னப் புள்ளைங்களுக்கு, அதாவது ஆறு வயசுக்குக் கீழ, பெத்தவங்க பயிற்சிதான் முதல்ல, ஆறுக்கு மேல மருந்தும் பயிற்சியும் சேந்துன்னுதான் அமெரிக்க குழந்தை மருத்துவர் அமைப்போட 2019 வழிகாட்டி சொல்லுது, இவனுக்கு எட்டு வயசு, அப்ப ஒடனே மருந்து ஆரம்பிச்சிருக்கலாமேன்னு கேக்கலாம். ஃபெரிட்டின் 8ல இருக்கு, தூக்கம் ஆறு மணி நேரம்தான், வீட்டுல மருந்துன்னாலே பயம். இந்த நெலமைல மாத்திரையை ஆரம்பிச்சா ரெண்டாவது வாரம் குப்பைல போட்டுருவாங்க. அதனால இரும்பும் தூக்கமும் முன்னாடி.

தூக்கம்தான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, மாத்திரையவிட கஷ்டம். அப்பா போட்டுல போற ராத்திரிங்கள்ல போன் பையன் கைக்கு வந்துரும், அம்மாவுக்கு விடியக்காலை பாசிக்குப் போகணும், அவங்க அசந்து தூங்கிருவாங்க, பையன் பன்னெண்டு மணி வரைக்கும் வீடியோ. அம்மாவைக் குத்தம் சொல்ல என்ன இருக்கு, இடுப்பளவு தண்ணில நின்னு, முங்கி முங்கி, பாறைல கை கிழிய பாசி பிடுங்கிட்டு வர்ற பொம்பளை ராத்திரி புள்ளைக்கு காவல் இருக்க முடியுமா. வழி அப்பத்தாதான் கண்டுபிடிச்சாங்க, எட்டரை மணிக்கு போனை வாங்கி அரிசிப் பானைக்குள்ள போட்டு, பானை மேல அவங்களே தலையணையை வச்சுப் படுத்துக்கிட்டாங்க. முதல் வாரம் பையன் கத்துனது தெருவுக்கே கேட்டுச்சாம். ரெண்டாவது வாரம் கம்மி. அப்புறம் ஒம்பதரைக்குள்ள தூங்க ஆரம்பிச்சான். இரும்புக்கு ஒரு சின்ன விஷயம் மாத்துனதுல நல்ல பலன், காலைல வரக்காப்பியோட சேத்துக் குடுத்துட்டு இருந்தாங்க, டீயும் காப்பியும் இரும்பை ஒடம்பு உறிஞ்ச விடாது, அதை நிறுத்தி சாயங்காலம் எலுமிச்சை ஜூஸ் கூட மாத்துனோம், பூச்சி மாத்திரையும் குடுத்தாச்சு. மூணு மாசத்துல ஹீமோகுளோபின் 11.7.

சாப்பாட்டைப் பத்தி நெறைய பேர் நெறைய சொல்றாங்க, அதனால இதுல தெளிவா இருக்கணும். சர்க்கரை தின்னா புள்ளை ஆடும்ங்கிறது நம்பிக்கைதான், 1995ல பழைய ஆய்வுகளை எல்லாம் ஒண்ணாச் சேத்துப் பாத்ததுல சர்க்கரையால நடத்தை மாறுறதா தெரியல, பல்லுக்காகவும் எடைக்காகவும் கொறைங்க, ஏடிஹெச்டிக்காக இல்ல. செயற்கைக் கலர் விஷயம் கொஞ்சம் வேற, 2007ல இங்கிலாந்துல சௌதாம்ப்டன் ஆய்வுல டார்ட்ரசின், சன்செட் யெல்லோ மாதிரி கலர்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்து குடுத்தப்ப சாதாரணப் புள்ளைங்களுக்கே துறுதுறுப்பு கொஞ்சம் கூடுச்சு, 2010ல இருந்து ஐரோப்பாவுல அந்தக் கலர் போட்ட பாக்கெட்ல எச்சரிக்கை போடணும். நம்ம பக்கம் பெட்டிக்கடைல ரெண்டு ரூபா ஆரஞ்சு ஐஸ், மஞ்ச கலர் கொழல் அப்பளம், எல்லாம் இதுதான். பஞ்சு மிட்டாய்ல ரோடமின்-பி இருக்குன்னு 2024 பிப்ரவரில தமிழ்நாட்டுல தடையே வந்துச்சு, அது துணிக்குப் போடுற சாயம். இவன் ஸ்கூல் விட்டு வர்ற வழில தெனம் கலர் ஐஸ். அதை நிறுத்தி பனங்கெழங்கு, வேர்க்கடலை, சீசன்ல நுங்குன்னு மாத்துனோம், அதால எவ்ளோ மாறுச்சுன்னு பிரிச்சு சொல்ல முடியாது, நஷ்டம் ஒண்ணும் இல்ல.

மீன் எண்ணெய். ஒமேகா-3 குடுத்தா ஏடிஹெச்டில கொஞ்சம் பலன் இருக்குன்னு ஆய்வுங்க சொல்லுது, கொஞ்சம்ங்கிற சொல்லை அடிக்கோடு போட்டுக்கங்க, மருந்து தர்ற பலனோட ஒப்பிட்டா ரொம்ப சின்னது. இந்த வீட்டுல கேப்சூல் டப்பா ஒண்ணு கூலில ஒரு நாளைத் தின்னுரும். அதே நேரம் கரைல சூடையும் சாளையும் மலிவா கெடக்கு, ஒமேகா-3 நெறைய உள்ள மீனே அந்த மாதிரி எண்ணெய் மீன்தான். ஆனா வீட்டுல முள்ளுன்னு புள்ளைக்குக் குடுக்குறதில்ல, நல்ல மீன் வெலைக்குப் போயிருது, பையன் ரசத்தை ஊத்தித் தின்னுட்டு எந்திரிச்சிருவான். கேப்சூலை நிறுத்திட்டு வாரத்துல மூணு நாள் சாளையை மண்சட்டில புளி ஊத்தி நல்லா வேக வச்சு, முள்ளு எடுத்து சோத்துல பிசைஞ்சு குடுக்கச் சொன்னோம், அப்பத்தாவுக்கு இது பிடிச்ச சிகிச்சை. காலைச் சாப்பாடு இன்னொரு பிரச்சனையா இருந்துச்சு, அம்மா பாசிக்குப் போற நாள்ல வெறும் வயித்துல ஸ்கூல், அதை முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் பாதி தீத்து வச்சிருச்சு, 2023 ஆகஸ்ட்ல இருந்து அரசு தொடக்கப் பள்ளி எல்லாத்துலயும் ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் உள்ள புள்ளைங்களுக்கு இருக்கு, எட்டரைக்குள்ள போனாப் போதும்.

இப்ப பயிற்சி. இது புள்ளைக்குக் குடுக்குற பயிற்சி இல்ல, பெரியவங்களுக்கு. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், அப்பத்தான் அப்பா முழுசா கெடைப்பாருன்னு நெனச்சோம், ஆனா அது வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னு அம்மாவும் அப்பத்தாவும் முதல்ல ஆரம்பிச்சாங்க. சொல்றதை தூரத்துல இருந்து கத்தக் கூடாது, பக்கத்துல போய் தோளைத் தொட்டு, ஒரே ஒரு வேலை, அஞ்சாறு வார்த்தைல. "சட்டையைக் கழட்டி கொடில போடு." அது முடிஞ்சப்புறம் அடுத்தது. நல்லது செஞ்சா அந்த நிமிசமே சொல்லணும், "நல்ல புள்ள"ன்னு பொதுவா சொல்லாம என்ன செஞ்சான்னு சொல்லணும். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல புளியங்கொட்டை, ஸ்கூல் பையைத் தானே எடுத்து வச்சா ஒண்ணு, தங்கச்சியை அடிக்காம சாப்பிட்டு முடிச்சா ஒண்ணு, பத்து சேந்தா சித்தப்பா வல்லத்துல கரையோரமா ஒரு சுத்து. பணமோ மிட்டாயோ தேவைப்படல, இவனுக்கு வல்லம்தான் எல்லாமே. ஒரு விதி கறாரா வச்சோம், சம்பாரிச்ச கொட்டையைத் தண்டனையா திருப்பி எடுக்கக் கூடாது, எடுத்தா இந்தப் புள்ளைங்க அன்னைக்கே வெளையாட்டை விட்டுருவாங்க.

அப்பா அடிக்கிறது நிக்க நேரம் எடுத்துச்சு. கயித்தால அடிக்கிற பழக்கம், அவரையும் அவுக அப்பா அப்படித்தான் அடிச்சாராம். அவருகிட்ட நான் சட்டம் பேசல, கரைவலை பத்திப் பேசினேன், வடத்தை ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல ஒரே கணக்குல இழுத்தாத்தான் மடி கரைக்கு வரும், அம்மா ஒரு பக்கம் கொட்டை போட்டு இழுக்குறாங்க நீங்க மறு பக்கம் அடிச்சு இழுத்தா வலை கோணிக்கிட்டு மீன் எல்லாம் போயிரும்னு. சரின்னாரு.

ஸ்கூல்ல டீச்சர் தங்கமானவங்க, நாப்பது புள்ளைங்களை வச்சுக்கிட்டு இதையும் செஞ்சாங்க. ஜன்னல்ல கடல் தெரியும், அந்தப் பக்கம் இருந்து எடுத்து முன் பெஞ்சுல கரும்பலகை பக்கமா உக்கார வச்சாங்க. இருபது நிமிசத்துக்கு ஒரு தடவை எந்திரிக்கிற மாதிரி வேலை, நோட்டு அடுக்குறது, தண்ணிக் கேன் தூக்குறது, பக்கத்துக் கிளாசுக்கு வருகைப் பதிவேடு கொண்டு போறது. பத்துக் கணக்கு குடுக்குற எடத்துல மூணு மூணா. நோட்டுல மூணே கட்டம், இன்னைக்கு எடத்துல உக்காந்தானா, வேலை முடிச்சானா, அடுத்தவனைத் தொந்தரவு பண்ணலையா, டிக் போட ஒரு நிமிசம் கூட ஆகாது, அந்த டிக்கு வீட்டுல புளியங்கொட்டையா மாறும். சாயங்காலம் ஊர்ல சிலம்பம் சொல்லிக் குடுக்குற வாத்தியார் ஒருத்தர்கிட்ட சேத்துவிட்டோம், வேர்த்து விறுவிறுக்க ஆடுற எந்த உடற்பயிற்சியும் கவனத்துக்கு ஓரளவு உதவுதுன்னு ஆய்வுங்க இருக்கு, யோகாவுக்கும் சின்ன சின்ன ஆய்வுங்க இருக்கு, ஆனா கண்ணை மூடி உக்காருன்னா இவன் ஓடிருவான், கம்பு சுத்துன்னா நிப்பான்.

மூணு மாசம் கழிச்சு மறுபடி ஃபார்ம். வீட்டுல நல்ல முன்னேற்றம், 7, 8 இருந்தது 5, 5. ஸ்கூல்ல துறுதுறுப்பு 5, ஆனா கவனக்குறைவு 7லயே நின்னுச்சு. எழுத்து வரவே இல்ல. இந்த எடத்துலதான் நெறைய குடும்பம் "இன்னும் கொஞ்ச நாள் இயற்கையாவே பாப்போம்"னு வருசத்தை விட்டுருது. 1999ல வந்த எம்டிஏ ஆய்வு 579 புள்ளைங்களை 14 மாசம் பாத்துச்சு, கவனம் துறுதுறுப்புன்னு அடிப்படை அறிகுறிங்களுக்கு, கவனமா அளவு பாத்துக் குடுத்த மருந்து, பயிற்சியை மட்டும் குடுத்ததவிட நல்லா வேலை செஞ்சுச்சு, ரெண்டும் சேந்த குழுல இன்னும் கம்மி டோஸ்லயே அந்தப் பலன் கெடைச்சுச்சு. இந்த ரெண்டாவது பாதியைத்தான் நான் எல்லாப் பெத்தவங்ககிட்டயும் சொல்றது, நீங்க படுற பாடு எதுவும் வீண் இல்ல, மாத்திரையோட அளவைக் கொறைக்க அது உதவும்.

குழந்தை மனநல மருத்துவர் பாத்து, இதயக் கோளாறு குடும்பத்துல இருக்கான்னு விசாரிச்சு, பிபி, நாடி, எடை, உயரம் எல்லாம் எடுத்துட்டு மெத்தில்ஃபெனிடேட்ங்கிற ஏடிஹெச்டி மாத்திரையைக் காலைல 5 மில்லிகிராம்ல ஆரம்பிச்சாரு, அப்புறம் மதியமும் ஒரு 5. அப்பத்தாதான் கேட்டாங்க, "புள்ளைய மந்தமாக்கிருவீகளோ?" டோஸ் சரியா இருந்தா மந்தம் வராது, மந்தமா முகம் செத்துப் போன மாதிரி தெரிஞ்சா அது டோஸ் ஜாஸ்திங்கிறதுக்கு அடையாளம், நோட்டுல எழுதுங்க, கொறைப்போம்னு சொன்னோம். பசி கொறையும்னு முன்னாடியே சொல்லி வச்சோம், அது அப்படியே நடந்துச்சு, மதியச் சாப்பாடு பாதி மீதி. அதனால காலை உணவு தின்னுட்டு மாத்திரை, சாயங்காலம் மருந்து எறங்குன நேரத்துல முட்டையோ மீன் சோறோ வயிறு நெறைய. மாசா மாசம் எடை. ரெண்டாவது வாரம் டீச்சர் நோட்டுல எழுதியிருந்தாங்க, "இன்று ஒரு பக்கம் முழுவதும் எழுதினான், அவனே கொண்டுவந்து காட்டினான்."

கஷ்டம் வேற எடத்துல வந்துச்சு. இந்த மருந்து என்டிபிஎஸ்ங்கிற போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள்ள வர்றது, சாதாரண மெடிக்கல்ல வச்சிருக்க மாட்டாங்க, ஊர்ல எங்கேயும் கெடைக்காம மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல போய் வாங்கணும், ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போச்சு. மே மாசம் லீவுல மருந்து நிறுத்தி வச்சிருந்தாங்க, அது டாக்டர் சொல்லித்தான், ஜூன்ல ஸ்கூல் திறந்தப்ப ஸ்டாக் இல்ல, தடைக்காலம் முடிஞ்சு முதல் போட்டு எறங்குற நேரம், கைல காசும் இல்ல ஆளும் இல்ல. மூணு வாரம் மருந்து இல்லாம போய் பழைய மாதிரி ஆயி, ஒரு பையன் மண்டையை ஸ்லேட்டால ஒடச்சுட்டான். அதுக்கப்புறம் தடைக்காலம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஜூன் சீட்டை எழுதி வாங்கி வைக்கிறதுன்னு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம், கடலோரக் குடும்பத்துக்கு சிகிச்சைத் திட்டம் போடுறவங்க மீன்பிடி காலண்டரை மேசைல வச்சுக்கிட்டுத்தான் போடணும்.

தடைக்காலத்துல நல்லதும் நடந்துச்சு. அப்பா ரெண்டு மாசம் வீட்டுல, கொட்டை கணக்கு அவர் கைக்கு வந்துச்சு, வலை பின்னிக்கிட்டே பையனுக்கு வாய்ப்பாடு கேட்டாரு, ஒரு கண்ணிக்கு ஒரு கேள்வி.

கடைசியா எடுத்த ஃபார்ம்ல டீச்சர் கணக்கு கவனக்குறைவு 4, துறுதுறுப்பு 3. எடை ஒண்ணரைக் கிலோ கூடியிருக்கு. தூக்கம் ஒம்பது மணி நேரம். இதுல எவ்ளோ மாத்திரை, எவ்ளோ இரும்பு, எவ்ளோ தூக்கம்னு பங்கு போட ஒரு கேஸ்ல முடியாது, ஆனா ஒவ்வொண்ணும் ஆரம்பிச்ச தேதி நோட்டுல இருக்குறதால ஸ்கூல் கவனத்துல பெரிய எறக்கம் மருந்துக்கு அப்புறம்தான்னும், வீட்டுச் சண்டை கொறைஞ்சது அதுக்கு முன்னாடியேன்னும் தெளிவா தெரியுது.

சரியாகாதது ஒண்ணு இருக்கு. உக்காந்து எழுதுறான், ஆனா எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெணறுறான், ண-ன, ல-ள எல்லாம் கலக்குது, கணக்குல அந்தத் தெணறல் இல்ல. ஏடிஹெச்டியோட கற்றல் குறைபாடு சேந்து வர்றது ரொம்ப சகஜம். 2016 மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டத்தோட 21 வகைல கற்றல் குறைபாடு இருக்கு, ஏடிஹெச்டி தனியா இல்ல, அதனால பின்னாடி பரீட்சைல கூடுதல் நேரம் மாதிரி சலுகை கெடைக்க கற்றல் குறைபாட்டுக்கான அசெஸ்மென்ட்தான் வழி. ஆர்பிஎஸ்கேங்கிற, புள்ளைங்களுக்கு உடல்நலப் பரிசோதனை பண்ற அரசுத் திட்டப் பட்டியல்ல ரெண்டுமே இருக்கு, ஸ்கூலுக்கு வர்ற அந்த டீம் மூலமா மாவட்ட இடையீட்டு மையத்துக்கு காசில்லாம சீட்டு வாங்கலாம், உங்க ஊர்ப் புள்ளைக்கும் அந்த வழியைக் கேட்டுப் பாருங்க. இவனுக்கு அடுத்த மாசம் தேதி கெடைச்சிருக்கு, போட்டு போகாத கெழமையாப் பாத்து வாங்கியிருக்கோம், அப்பா தானே கூட்டிட்டு வர்றேன்னிருக்காரு, நாலாங்கிளாஸ் டீச்சர் நோட்டை வாங்கி வாசிச்சிட்டு இருக்காங்க.